ஒயின் கூலர் வாங்கும் முன் அறையின் வெப்பத்தை அளந்து பாருங்கள்

கூலர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பாட்டில் பிடிக்கும்?" என்றுதான். வட சென்னையில் அது இரண்டாவது கேள்வி. பெட்டி நிற்கப்போகும் மூலையில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் வாங்கிய பெட்டிகள்தான் ஆறே மாதத்தில் செருப்பு வைக்கும் அலமாரியாக மாறுகின்றன.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். ஈரப்பதமும் காட்டுகிற வகையாக வாங்குங்கள். பெட்டி வைக்க நினைக்கும் இடத்தில் மூன்று நாள் வைத்து, மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். இரவுக் கணக்கை விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில்தான் அதைக் கக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் மதியத்துக்குள் கடற்காற்று நுழைந்துவிடும். கொளத்தூர், மாதவரம் பக்கம் அது வந்து சேரத் தாமதமாகும். எனவே ஒரே மாடல் ஒரு வீட்டில் நன்றாக ஓடி, ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு வீட்டில் திணறலாம்.

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று கம்ப்ரசர் உள்ளது, வீட்டு ஃபிரிட்ஜ் போல. இன்னொன்று தெர்மோஎலெக்ட்ரிக், அதாவது பெல்டியர் சில்லில் ஓடுவது. பெல்டியர் சில்லுக்குள் மின்சாரம் பாயும்போது ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். சூட்டை ஒரு சின்ன ஃபேன் வெளியே தள்ளும். சத்தம் குறைவு, அதிர்வு கிட்டத்தட்ட இல்லை, விலையும் குறைவு. ஆனால் அதனால் அறை வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் கீழே இறக்க முடியும். விளம்பரத்தில் 12 டிகிரி என்று போட்டிருப்பது 25 டிகிரி அறையை மனதில் வைத்து. உங்கள் அறை 36 டிகிரி என்றால் உள்ளே 18, 19-க்குக் கீழே இறங்குவது கடினம். இறங்கவில்லை என்பதால் சில்லும் ஃபேனும் ஓய்வே இல்லாமல் ஓடும்.

கரன்ட் கணக்கும் இங்கேயே வருகிறது. 70 வாட் பெல்டியர் பெட்டி நாள் முழுக்க ஓடினால் 1.68 யூனிட். இரண்டு மாத பில்லில் அது 100 யூனிட். 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு அறிவித்த இலவச 100 யூனிட் அப்படியே அந்த ஒரு பெட்டிக்குள் போய்விடுகிறது. 85 வாட் கம்ப்ரசர் பெட்டி, பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் ஓடி ஆறு நிமிடம் நின்றால், இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்டுக்கு உள்ளேதான் வரும். வாட் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதில்தான் பில் இருக்கிறது.

எனவே பகலிலும் ஏசி ஓடும் அறை இல்லையென்றால் பெல்டியர் வேண்டாம். கம்ப்ரசர் வகையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் பின்புறமோ உள்பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ்என், என் என்றால் 32 டிகிரி அறை வரைக்கும் செய்தது. எஸ்டி என்றால் 38 வரை. டி என்றால் 43 வரை. நமக்கு எஸ்டி குறைந்தபட்சம், டி நல்லது. விற்பவருக்கு இது தெரிந்திருக்காது. லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே லேபிளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டிகளில் 110 வோல்ட் சரக்கும் கலந்திருக்கும்.

மாதம் ஒரு பாட்டில் வாங்கி அந்த வாரமே முடிக்கிற வீட்டுக்குக் கூலரே தேவையில்லை. சமையலறை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். ஆறு பாட்டிலுக்கு மேல் இரண்டு மூன்று மாதம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால்தான் இது செலவுக்குத் தகும். ஏனென்றால் ஒயினுக்கு முதல் எதிரி சூடு. 30 டிகிரியைத் தாண்டிய அலமாரியில் வாரக்கணக்கில் கிடந்தால் திரவம் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், ஓரத்தில் கசியும், காற்று உள்ளே போகும். பழத்தின் மணம் போய், கொதிக்க வைத்த ஜாம் மாதிரி ஒரு வாடை மிஞ்சும். சமையலறை ஃபிரிட்ஜ் 3 முதல் 5 டிகிரி. அங்கே மாதக்கணக்கில் வைத்தால் உலர்ந்த காற்றில் கார்க் சுருங்கும். மீன் குழம்பு வாடையும் பக்கத்திலேயே இருக்கும்.

கொள்ளளவு என்று போட்டிருப்பதில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். 12 பாட்டில், 18 பாட்டில் என்பதெல்லாம் தோள் உயர்ந்த, 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள போர்டோ வடிவ பாட்டிலை வைத்துச் சொல்வது. ஷாம்பெயின் வகைப் பாட்டில்களும் வயிறு அகன்ற பர்கண்டி வகையும் 8.5, 9 சென்டிமீட்டர் வரும். தட்டு இழுக்கும்போது மேல் தட்டில் லேபிள் உரசிக் கிழியும், இல்லையென்றால் உள்ளேயே போகாது. நாசிக்கின் சுலா, அக்லுஜின் ஃப்ரட்டெல்லி, நந்தி மலையடிவாரத்து க்ரோவர் என்று நீங்கள் வழக்கமாக வாங்குவது எதுவோ, அந்தக் காலி பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்த் தட்டில் வைத்துப் பாருங்கள். நிரம்பிய பாட்டில் ஒன்று ஏறத்தாழ 1.3 கிலோ. 18 பாட்டில் என்றால் 23 கிலோவுக்கு மேல், பெட்டியின் எடை தனி. சுவர் ஸ்லாப்பின் மேல் ஏற்றுவதாக இருந்தால் இதையும் யோசியுங்கள்.

கண்ணாடிக் கதவு அழகுக்குத்தான். ஒயினுக்கு இருட்டு பிடிக்கும். நேர் வெளிச்சம் பட்டால், குறிப்பாகத் தெளிந்த கண்ணாடி பாட்டிலில் வரும் ஒயிட், ரோஸே ஒயின்களில், ஈரக் கம்பளி வாடை வரும். கண்ணாடிதான் வேண்டும் என்றால் இரட்டைக் கண்ணாடி, நிறம் ஏற்றியது. உள்விளக்கு எல்ஈடி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டு உள்ள மாடலே சரி.

வைக்கும் இடம்

காற்று பின்னால் வெளியேறும் பெட்டியை அலமாரிக்குள் திணித்தால் அது தன் சூட்டையே தான் மூச்சாக இழுக்கும். அலமாரிக்குள் வைக்க வேண்டுமானால் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் கிரில் உள்ள பில்ட்-இன் வகையையே வாங்க வேண்டும். தனியாக நிற்கும் வகைக்குப் பின்னால் 10 சென்டிமீட்டர், பக்கங்களில் 5, மேலே 10 விடுங்கள். மேற்குச் சுவர் வேண்டாம். கேஸ் அடுப்புப் பக்கமும் வேண்டாம். தண்ணீர் மோட்டாரும் வாஷிங் மெஷினும் ஓடும் சுவரில் ஒட்டி வைத்தால் அதிர்வு வரும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. திருவொற்றியூரிலிருந்து காசிமேடு வரை கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பியும் கேட்டும் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே உப்பு, பெட்டியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் குழாயிலும் படியும், இரவு ஈரத்தில் ஊறி அரிக்கும். முள்முனை அளவு துளை விழுந்தால் உள்ளே குளிரூட்டும் கேஸ் முழுக்கப் போய்விடும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் கண்டென்சரை மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிக்குழாய்களைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. மின் இணைப்புகள் பக்கம் ஈரம் போகக் கூடாது. இதற்குப் பத்து நிமிடம் போதும். கடலோரத்தில் பெட்டியின் ஆயுள் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

பல்லி இன்னொரு வில்லன். சூடான சர்க்யூட் போர்டைத் தேடிப் போய் இரண்டு முனைக்கு நடுவே மாட்டும், போர்டு புகையும். அதற்காகக் காற்றுத் துளையை அடைத்துவிடாதீர்கள். சுற்றிலும் கரப்பான், எறும்பு இல்லாமல் பார்த்துக்கொண்டால் பல்லிக்கு அங்கே வேலை இல்லை.

முதல் நாள்

பெட்டி ஆட்டோவிலோ டெம்போவிலோ படுத்த நிலையில் வந்திருந்தால் கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள். உடனே ஆன் செய்தால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் உராயும். நிமிர்ந்தே வந்திருந்தாலும் நான்கைந்து மணி நேரம் விடுவது நல்லது.

ஸ்டெபிலைசர் கட்டாயம். சிறிய கூலருக்கு 0.5 கேவிஏ போதும். மறு ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் தாமதம் கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கரன்ட் போய்ச் சட்டென்று திரும்பும்போது குழாயில் அழுத்தம் இறங்கியிருக்காது. அந்த அழுத்தத்துக்கு எதிராகக் கம்ப்ரசர் கிளம்பத் திணறி வைண்டிங் சூடேறும். எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். மிக்சி, இஸ்திரிப்பெட்டியோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பங்கு போடாதீர்கள்.

பாட்டில் எதுவும் வைக்காமல் முதலில் 24 மணி நேரம் ஓட்டுங்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் தெர்மாமீட்டரின் முனையை விட்டு நடுத்தட்டில் வையுங்கள். முன்பலகையில் காட்டும் எண் சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பம். தண்ணீர் காட்டுவதுதான் ஒயின் உணரும் வெப்பம். டம்ளரை மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று மாற்றி வைத்துப் பாருங்கள். உள்ளே ஃபேன் இல்லாத பெட்டியில் மேலுக்கும் கீழுக்கும் 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் வரும். அது பழுது இல்லை. குளிர்ந்த தட்டு ஒயிட்டுக்கு, மற்றது ரெட்டுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். பிறகு பாட்டில்களைப் பாதி பாதியாக ஏற்றுங்கள். 33 டிகிரியில் இருக்கும் பன்னிரண்டு பாட்டிலை ஒரே நேரத்தில் அடுக்கினால் பெட்டி ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்கும்.

எத்தனை டிகிரி

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருந்தது, வெப்பம் 16 முதல் 18 டிகிரி. தண்டையார்பேட்டையில் 33 டிகிரியில் ஊற்றினால் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறும், பழம் தெரியாது. இங்கே ரெட்டுக்கும் குளிர்ச்சி வேண்டும்.

ஒரே அறை உள்ள பெட்டி என்றால் 12 அல்லது 13-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நீண்ட நாள் இருப்புக்கு எல்லா ஒயினுக்கும் அது பொருந்தும். பரிமாறும்போது மட்டும் சரிசெய்துகொள்ளலாம். ரெட்டைக் கூலரிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும், நம் ஊர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒயிட், ரோஸே 8 முதல் 12 டிகிரி. ஸ்பார்க்ளிங் 6 முதல் 8. இவற்றை ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு, கழுத்து வரை அமிழ்த்திப் பத்து நிமிடம் வைத்தால் இறங்கிவிடும். வெறும் ஐஸில் வைத்தால் நேரம் ஆகும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், தண்ணீர்தான் கண்ணாடியை முழுக்கத் தொடும். ஃப்ரீசரில் போட்டு மறந்தால் பாட்டில் வெடிக்கும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சில நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும் அறையில் பெரிய ஊற்று பாதியிலேயே சூடாகிவிடும்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. மிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் ரெட்டின் துவர்ப்பும் தூக்கிக் காட்டும். குளிர்ச்சியும் லேசான இனிப்பும் அடக்கும். வஞ்சிரம் வறுவலுக்கு 9 டிகிரி சாவிஞான் பிளாங்க், நண்டு மசாலாவுக்கோ பர்மா பஜார் பக்கத்து அத்தோ நூடுல்ஸுக்கோ கொஞ்சம் இனிப்புள்ள செனின் பிளாங்க், இரண்டும் ஒயிட். பெரம்பூரில் கிறிஸ்துமஸ் மேசைக்கு வரும் ரோஸ்டுக்கு ரெட் பொருந்தும், 16 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

கார்க் பாட்டிலைப் படுக்க வையுங்கள், கார்க் நனைந்தே இருக்கும். திருகு மூடி எப்படி இருந்தாலும் சரி. திறந்த பாட்டிலை மூடி, நிமிர்த்தி, சமையலறை ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். கூலரின் 13 டிகிரி திறந்த ஒயினுக்குப் போதாது.

கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலும் ஒயின் கெடும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம். வாங்கும் வயது 21. ஷட்டர் ஓரம் வெயிலில் நின்ற பாட்டிலை எடுக்காதீர்கள். கார்க் மேலே புடைத்திருந்தாலோ, மூடியுறையின் ஓரம் பிசுபிசுத்தாலோ வேறு கேளுங்கள். சாயங்காலம் வாங்குங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே இருக்கும் டப்பாவில் இன்ஜின் சூடு ஏறும், முன்பக்கம் பையில் மாட்டி வாருங்கள்.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தால்

டி கிளாஸ் கூலருக்குப் பணம் போதாதவர்களுக்கு இதுவே நல்ல வழி. அலங்காரக் கூலர் பலவற்றைவிட இது உறுதியானதும்கூட: கதவு கண்ணாடி இல்லை, இன்சுலேஷன் தடிமன், நம் வெயிலுக்கென்றே செய்தது. தேவை, ஓடுகிற நிலையில் ஒரு கதவு டைரக்ட் கூல் ஃபிரிட்ஜ், அதாவது ஃப்ரீசரில் படியும் ஐஸை நாமே உருக்க வேண்டிய பழைய வகை. இன்வெர்ட்டர் கம்ப்ரசரோ, ஃப்ராஸ்ட் ஃப்ரீ எலெக்ட்ரானிக் போர்டோ உள்ளது வேண்டாம். வெளியிலிருந்து கரன்டை வெட்டி வெட்டிக் கொடுப்பது அவற்றுக்கு ஆகாது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எஸ்டிசி-1000 என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கேளுங்கள், 230 வோல்ட் வகை. 1, 2 முனைகளுக்கு மெயின் கரன்ட். 3, 4 சென்சார். 7, 8 குளிர்ச்சிக்கான ரிலே, அதாவது கருவி தானே போட்டு அணைக்கும் சுவிட்ச், ஃபிரிட்ஜுக்குப் போகும் ஃபேஸ் வயர் இதன் வழியாகப் போக வேண்டும். 5, 6 சூடேற்றும் ரிலே, நமக்கு வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் பொருத்த வேண்டும். வயரிங் தெரியாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபிரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட்டை அதிகபட்சக் குளிரில் வைத்துவிடுங்கள், இனி அதற்கு வேலை இல்லை. கருவியில் எஃப்1 13.0, எஃப்2 1.5, எஃப்3 5. அதாவது 14.5-இல் ஓடத் தொடங்கி 13-இல் நிற்கும், ஒருமுறை நின்றால் ஐந்து நிமிடம் கிளம்பாது. எஃப்4 சென்சாரின் பிழையைத் திருத்த.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் கிளம்பும். தண்ணீர் பாட்டிலுக்குள் முழுக்க அமிழ்த்தினால் அந்தத் தண்ணீர் 13-க்கு வருவதற்குள் சுற்றியுள்ள காற்று அதைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும். நடுத்தட்டில் ஒரு நிரம்பிய பாட்டிலின் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து மூடுங்கள். இரண்டுக்கும் நடுவான கணக்கு அதுதான். ஃப்ரீசரைத் தொட்டபடி எந்தப் பாட்டிலும் இருக்கக் கூடாது. ஃப்ரீசரில் இனி ஐஸ் நிலைக்காது. அதிலிருந்து உருகும் தண்ணீர் தட்டில் சேரும், வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடித்து லேபிள் கறுக்கும்.

கோளாறுகள்

கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்ப்பது, ஈரக்காற்று மாதங்களில் சகஜம். செட்டிங்கை 6-லிருந்து 10-க்கு ஏற்றினால் குறையும். உள்பக்கம் வியர்த்தால் கேஸ்கெட், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர், விட்டிருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து நீவிவிடுங்கள். அப்படியும் வழுக்கினால் ரப்பரை மாற்றியாக வேண்டும்.

பெல்டியர் பெட்டி குளிரவில்லை என்றால் முதலில் பின்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அது நின்றால் சூடு திரும்பி வந்து சில்லையே கொல்லும். பல பெட்டிகளில் இருப்பது 40 மில்லிமீட்டர் சதுரமுள்ள, டெக்1-12706 என்று எழுதிய சில்லு. விலை குறைவு. மாற்றும்போது பழைய பசையைத் துடைத்தெடுத்து, புது தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் சில்லு விரியும்.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் குளிரவில்லை, கண்டென்சரும் சுத்தம் என்றால் கேஸ் கசிந்திருக்கலாம். புதிய பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், சில பத்து கிராம்தான். தீப்பிடிக்கும் கேஸ் என்பதால் மெக்கானிக் அதை வெளியேற்றிய பிறகே பற்றவைப்புக்கு வர வேண்டும். "ஆர்134ஏ அடிச்சிக்கலாம் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெயும் அழுத்தமும் வேறு, அளவும் வேறு.

கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய பெட்டி மணிக்கு ஒன்று, இரண்டு டிகிரிதான் ஏறும். காலிப் பெட்டி வேகமாக ஏறும், எனவே இடம் மிஞ்சினால் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கொடுப்பதாக இருந்தால் சைன் வேவ் வகை மட்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுக்கும் கரன்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதையும் தாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீரும் நின்றது, கரன்டும் இல்லை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெட்டியைத் தரையில் வைக்காமல், இரும்பு ஸ்டாண்டில் இரண்டடியாவது உயர்த்துங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பாட்டில்களை ஈரச் சாக்கில் சுற்றி வீட்டின் குளிர்ந்த உள்ளறைக்கு மாற்றுங்கள். அடிப்பகுதி வெள்ளத்தில் நனைந்த பெட்டியை வெயிலில் காயவைத்துவிட்டு ஆன் செய்யக் கூடாது. மெக்கானிக் ரிலேயையும் வயரிங்கையும் திறந்து பார்த்து, எர்த் கசிவு இல்லை என்று மீட்டரில் காட்டிய பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும்.